பரிசோதனைச் சீட்டில் இல்லாத எச்சரிக்கை

ஹெபடைடிஸ்-பி அல்லது ஹெபடைடிஸ்-சி வைரஸ் நாள்பட்டுத் தங்கிவிட்ட கல்லீரலுக்கு, மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் நிறுவப்படவில்லை. மருத்துவ உலகம் இதை நெடுங்காலமாக அறியும். ஆனால், வைரஸ் இருப்பது உறுதியான பிறகும் வழக்கம்போல் மது அருந்திவரும் பல்லாயிரம் பேரிடம் இந்தச் செய்தி உரிய நேரத்தில், உரிய சொற்களில் சொல்லப்படவில்லை. அவர்களது உயிரிழப்பைக் குடியின் கணக்கில் எழுதிவிட்டு நிர்வாகம் கடந்துபோகிறது. இந்தக் கணக்கு தவறானது; இது தொடர அனுமதிக்கக் கூடாது.

பாதிப்பின் அளவு சிறியதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேர் ஹெபடைடிஸ்-பி தொற்றுடனும், 5 கோடிப் பேர் ஹெபடைடிஸ்-சி தொற்றுடனும் வாழ்ந்தனர். அந்த ஓராண்டில் மட்டும் 13 லட்சம் பேர் இறந்தனர். இந்தியாவின் பங்கு ஏறத்தாழ மூன்றரைக் கோடி: ஹெபடைடிஸ்-பி 2.98 கோடி, ஹெபடைடிஸ்-சி 55 லட்சம். காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் கிடைக்கும் கவனத்தில் ஒரு பகுதிகூட இந்த நோய்க்குக் கிடைப்பதில்லை.

இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. அதே அறிக்கையின்படி, ஹெபடைடிஸ்-பி உள்ளவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் உலக அளவில் நோய் கண்டறியப்பட்டிருக்கிறது; சிகிச்சை பெறுவோர் 3 சதவீதம் மட்டுமே. கண்டறியப்படாதவர்களை எச்சரிக்க முடியாது. அது ஒரு தனிப் பிரச்சினை. இந்தத் தலையங்கம் பேசுவது கண்டறியப்பட்டவர்களைப் பற்றி. அரசு அமைப்போ தனியார் அமைப்போ ஒருவரது ரத்தத்தைச் சோதித்து, வைரஸ் இருப்பதை அறிந்து, தாளில் அச்சிட்டும் கொடுத்துவிட்டது. அதன் பிறகும் அவர் எச்சரிக்கப்படவில்லை என்றால், அதற்கு அறியாமையைக் காரணம் சொல்ல முடியாது.

நம் மாநிலத்தில் இந்தத் தொற்று பெரும்பாலும் தற்செயலாகவே தெரியவருகிறது. ரத்ததான முகாமில் கொடுத்த ரத்தம் சோதிக்கப்படும்போது தெரிகிறது. குடலிறக்கத்துக்கோ கண்புரைக்கோ அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் சோதனையில் தெரிகிறது. கர்ப்பிணிக்குச் செய்யும் சோதனையில் தெரிந்து, பிறகு கணவருக்கும் தெரிகிறது. வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் தெரிகிறது. இந்த நான்கு இடங்களிலும் சோதனைக்கு ஒரு நோக்கம் உண்டு; ஆனால், சோதிக்கப்படுபவரின் கல்லீரல் அந்த நோக்கத்தில் இல்லை. ரத்த வங்கிக்குத் தேவை தூய்மையான ரத்தம். அறுவை அரங்குக்குத் தேவை முன்னெச்சரிக்கை. வேலைக்கு எடுப்பவருக்குத் தேவை தகுதிச் சான்று. தேவை முடிந்ததும் அவர் வெளியே அனுப்பப்படுகிறார்.

வளைகுடா மெடிக்கல் முடிந்து வெளியே வரும் இளைஞரை எடுத்துக்கொள்வோம். கையில் இருக்கும் தாளில் ‘அன்ஃபிட்’ என்று இருக்கிறது. அதற்கு மேல், ஹெபடைடிஸ்-பி தொற்றைக் குறிக்கும் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ என்று ஒரு வரி. ஏஜென்டுக்குக் கொடுத்த முன்பணம் திரும்புமா என்பதுதான் அப்போது அவருடைய கவலை. அந்த வரிக்கு என்ன பொருள், அடுத்து எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று தாளில் எதுவும் இல்லை. அன்றிரவு நண்பர்கள் ஆறுதல் சொல்ல அழைத்துப்போகும் இடம் எது என்பதை விளக்க வேண்டியதில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மருத்துவர் முன் போய் அமர்பவருக்கும் இந்தச் செய்தி முழுமையாகக் கிடைப்பதில்லை. ‘கேரியர்தான், பயப்பட ஒன்றுமில்லை’ என்ற ஆறுதலோடு ஆலோசனை முடிந்துவிடுகிறது. குடிப்பழக்கம் பற்றிய கேள்வி வந்தால், ‘கொஞ்சம் குறைச்சுக்கோங்க’ என்பதோடு நிற்கிறது. இப்படிக் கேட்டவர் குவார்ட்டரைக் கட்டிங்காகக் குறைத்துவிட்டு மருத்துவர் பேச்சைக் கேட்டுவிட்டதாக நம்புகிறார். குறைத்தது நல்லதே. ஆனால், அவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டியது அதுவல்ல.

கல்லீரல் வலியால் எச்சரிக்கும் உறுப்பல்ல. வைரஸ் பல ஆண்டுகள் அங்கே இருந்து செல்களைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும்போதும் மனிதர் வேலைக்குப் போவார், பாரம் தூக்குவார், நன்றாகச் சாப்பிடுவார். சிதைந்த இடங்களில் நார்த்தழும்பு படியும். தழும்பு கூடிக்கூடி, மென்மையான உறுப்பு இறுகி, முடிச்சு முடிச்சாக மாறும் நிலையே சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம். வெறும் வைரஸால் அந்த நிலைக்கு வர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். சிலருக்கு வராமலே போகலாம். மது அந்தக் காலத்தைச் சுருக்குகிறது.

அது எப்படி நடக்கிறது என்பதில் மர்மம் இல்லை. அருந்திய மதுவில் பெரும்பகுதியைச் சிதைத்து வெளியேற்ற வேண்டியது கல்லீரல்தான். அந்த வேலையின் நடுவே அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் உருவாகிறது. அது செல்களைத் தாக்குகிறது. மரபுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. தழும்பு உண்டாக்கும் செல்களைத் தூண்டுகிறது. வைரஸை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலையும் மது மழுங்கச் செய்கிறது. வைரஸ் ஒரு பக்கம் அழற்சியை உண்டாக்க, மது மறுபக்கம் அதே உறுப்பில் அழற்சியை உண்டாக்குகிறது. இரண்டும் சேரும்போது சேதம் விரைகிறது.

அளவு பற்றிய சான்றும் புதிதல்ல. பிரான்சில் ஹெபடைடிஸ்-சி நோயாளிகள் 2,235 பேரை ஆராய்ந்து 1997-ல் வெளியான ஆய்வு, தழும்பு வேகமாகப் பரவுவதோடு தொடர்புடைய மூன்று காரணிகளைச் சுட்டியது: நாற்பது வயதுக்கு மேல் தொற்று ஏற்படுவது, ஆணாக இருப்பது, நாளொன்றுக்கு 50 கிராமோ அதற்கு மேலோ மது அருந்துவது. முதல் இரண்டும் எவர் கையிலும் இல்லை. மூன்றாவது மட்டுமே மாற்றக்கூடியது.

அந்த 50 கிராம் என்பது நம் ஊர்க் கணக்கில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இங்கே விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி பாட்டில்களில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று அச்சிடப்பட்டிருக்கும். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. எடைக்கு மாற்றினால் ஏறத்தாழ 60 கிராம். ஆய்வு பேசும் அளவு பெருங்குடிகாரனின் அளவல்ல. வேலை முடிந்து தினமும் ஒரு குவார்ட்டர் வாங்கும் தொழிலாளியின் அளவு. ‘அளவாகத்தான் குடிக்கிறேன்’ என்று அவர் சொல்வது பொய்யல்ல. அவர் பார்க்கும் எல்லோரும் அதே அளவுதான் குடிக்கிறார்கள்.

பீர் பாதகமில்லை என்ற நம்பிக்கைக்கும் இதே கணக்கு பதில் சொல்கிறது. 650 மில்லி பாட்டிலில் ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் 25 கிராமுக்குச் சற்று அதிகம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 40 கிராம். இரண்டு ஸ்ட்ராங் பீர் ஒரு குவார்ட்டரை மிஞ்சும். கள் உடம்புக்குக் குளிர்ச்சி, ஒயின் ரத்தத்துக்கு நல்லது என்று சொல்லப்படுபவற்றுக்கும் இந்தக் கல்லீரலின் விஷயத்தில் இடமில்லை. எந்தப் பாட்டிலில் இருந்தாலும் ஆல்கஹால் ஒன்றே. மேலும், 50 கிராமுக்குக் கீழே போனால் ஆபத்து நீங்கிவிடும் என்றும் கொள்ளக் கூடாது. எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் பொதுமக்கள் அனைவருக்குமாகவே சொல்லிவிட்டது. வைரஸ் உள்ளவருக்கு அது இருமடங்கு பொருந்தும்.

புற்றுநோய் இந்த ஆபத்தின் அடுத்த படி. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களை வகைப்படுத்தும் சர்வதேச அமைப்பு, மதுவை 1988-லும் நாள்பட்ட ஹெபடைடிஸ்-பி, சி தொற்றுகளை 1994-லும் முதல் பிரிவில் சேர்த்தது. ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டவை மட்டுமே அந்தப் பிரிவில் இடம்பெறும். இரண்டும் ஒரே உறுப்பில் சேர்வதை நாம் ஒரு சமூகப் பழக்கமாக ஏற்று வாழ்ந்துகொண்டிருக்கிறோம். ஹெபடைடிஸ்-பி விஷயத்தில், கல்லீரல் சுருங்காமலே நேரடியாகப் புற்றுநோய் வரவும் கூடும் என்பதைக் கூடுதலாக நினைவில் கொள்ள வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் வருபவர்களை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் வார்டுகளில் தினமும் பார்க்கலாம். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் நீர் கோத்துப் பானையாக உப்பியிருக்கும். ஊசி செருகி லிட்டர் கணக்கில் நீர் எடுப்பார்கள். சில வாரங்களில் மீண்டும் கோத்துக்கொள்ளும். உணவுக்குழாயின் அடியில் புடைத்த ரத்தநாளம் வெடித்து ரத்த வாந்தி எடுத்தவர் நள்ளிரவில் கொண்டுவரப்படுவார். பகலில் தூங்கி இரவில் விழித்து, தன் வீட்டாரையே அடையாளம் தெரியாமல் பேசுபவருக்கு, கழிவு நச்சு மூளைக்கு ஏறியிருக்கும். நாற்பதைத் தாண்டிய ஆண்கள் பலர். பலருடைய பழைய ஃபைலைப் புரட்டினால், பல ஆண்டுகளுக்கு முன்பே எங்கோ எடுத்த பாசிட்டிவ் சீட்டு ஒன்று கிடைக்கும்.

இடைப்பட்ட ஆண்டுகளில் பலரை ஏமாற்றுவது ரத்தப் பரிசோதனை அறிக்கை. எல்.எஃப்.டி. எனப்படும் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையை எடுத்துப் பார்த்து ‘நார்மல்’ என்றால் குடிக்க உரிமம் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். என்சைம் அளவு இயல்பாக இருக்கும்போதே கல்லீரலில் தழும்பு முற்றியிருக்க முடியும். தழும்பின் அளவை அறியக் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன் வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் வேண்டும். ஒரே ஒரு எல்.எஃப்.டி. தாளைக் காட்டி ஆறுதல் சொல்லும் பரிசோதனைக் கூடங்கள் தாம் செய்வது என்ன என்பதை உணர வேண்டும்.

சிகிச்சை இல்லாத நோயல்ல இது. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. அதன்கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெபடைடிஸ்-சி தொற்றைப் பெரும்பாலும் பன்னிரண்டு வார மாத்திரைகளில் ஒழித்துவிட முடிகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. ஹெபடைடிஸ்-பி வைரஸை முற்றிலும் ஒழிக்க முடியாவிட்டாலும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் அதை அடக்கி வைக்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் கனவாக இருந்தது இன்று மாவட்ட மருத்துவமனையில் கிடைக்கிறது. இதைக் கட்டியெழுப்பியவர்களுக்குப் பாராட்டு உரியது.

ஆனால், மாத்திரை மதுவுக்கு மாற்றுமருந்தல்ல. டெனோஃபோவிர் வைரஸைத்தான் அடக்கும். மது செய்யும் சேதத்தை அது தடுக்காது. குடிப்பவர் மாத்திரையை மறப்பதும் வழக்கம். ஹெபடைடிஸ்-பி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த வைரஸ் சீறியெழுந்து கல்லீரல் செயலிழப்பு வரை கொண்டுபோகலாம். மதுவை விலக்க வேண்டும் என்பது ஹெபடைடிஸ்-சி குணமானவருக்கும் பொருந்தும். ஏற்கெனவே கல்லீரல் சுருங்கியிருந்தால், வைரஸ் போன பிறகும் புற்றுநோய் அபாயம் தொடர்கிறது. ‘வைரஸ் போய்விட்டது’ என்ற மகிழ்ச்சியில் மீண்டும் தொடங்கும் குடி, அரசு செலவிட்ட மருந்தின் பயனைப் பறித்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஓர் எதிர்த் தவற்றையும் தவிர்க்க வேண்டும். குடிப்பவருக்கு மருந்து கிடையாது, நிறுத்திவிட்டு வந்தால் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்புவது பழைய இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்து வழக்கம். இன்றைய மாத்திரைகளுக்கு அந்தத் தடை தேவையில்லை என்று கல்லீரல் மருத்துவ வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. சிகிச்சையைத் தொடங்கிக்கொண்டே குடியை நிறுத்த உதவ வேண்டும். தண்டனையாக மருந்தை மறுக்கும் எந்த மருத்துவமனையும் நோயாளியை மீண்டும் மதுக்கடைக்கே அனுப்புகிறது. நோயாளி உண்மையைச் சொல்லத் துணியும் இடமாக மருத்துவரின் அறை இருக்க வேண்டும்.

‘இன்றோடு விடு’ என்று சொல்வது எல்லோருக்கும் போதுமானதல்ல. நீண்ட காலம் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். இரண்டு மூன்று நாட்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். ஆனால், கல்லீரல் பிரிவு ஒரு கட்டடத்தில், மனநலப் பிரிவு வேறொரு கட்டடத்தில், குடிபோதை மறுவாழ்வு மையம் வேறொரு ஊரில் என்று நம் அமைப்பு பிரிந்து கிடக்கிறது. தினக்கூலி வாங்குபவர் ஒரே நோய்க்காக மூன்று வெவ்வேறு நாட்களில் கூலியை இழக்க முடியாது. அவர் ஒன்றோடு நின்றுவிடுகிறார். நிற்பது பெரும்பாலும் மாத்திரைச் சீட்டோடுதான்.

அமைப்பு விட்ட இடைவெளியில் போலி மருந்து நுழைகிறது. ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்ற சுவரொட்டிகளை பஸ் நிலையங்களில் இன்றும் காணலாம். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பது வாங்கும் மனைவிக்கோ தாய்க்கோ தெரியாது. குடியை நிறுத்தப் பயன்படும் டைசல்ஃபிரம் என்ற மருந்து கல்லீரலையே தாக்கக் கூடியது. கல்லீரல் நோய் உள்ளவருக்கு அதை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். அந்தப் பொடியில் அது இருந்து, தெரியாமல் உண்டவர் மது அருந்தினால் ரத்த அழுத்தம் சரிந்து இறக்கவும் கூடும். காப்பாற்ற நினைக்கும் கையாலேயே கேடு விளையும் இந்த வணிகத்தை, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரம் உள்ளவர்கள் கண்டும் காணாமல் இருக்க முடியாது.

கீழாநெல்லி பற்றியும் ஒரு வார்த்தை தேவை. ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க், சென்னை ஆய்வாளர்களோடு இணைந்து கீழாநெல்லி இனத்தை ஆராய்ந்தார். 1988-ல் வெளியான அந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் அந்தப் பலனை உறுதிப்படுத்தவில்லை. நம் மூலிகை மரபை மதிப்பது வேறு. காலையில் கீழாநெல்லியை மோரில் கலந்து குடித்தால் மாலைக் குவார்ட்டருக்குச் சரியாகிவிடும் என்று நம்புவது வேறு. பின்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. குடித்த மறுநாள் தலைவலிக்கு பாரசிட்டமால் மாத்திரைகளை வாரிப் போட்டுக்கொள்வதும் இதே கல்லீரலின் மேல்தான் விழுகிறது.

நோயை மறைக்க வைக்கும் அச்சம் இந்த ஆபத்தை வளர்க்கிறது. ஹெபடைடிஸ்-பி ஒரே தட்டில் உண்பதாலோ கை குலுக்குவதாலோ பரவுவதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்கும், ரத்தம் வழியாகவும், பாதுகாப்பற்ற உடலுறவு வழியாகவும், தூய்மையற்ற ஊசி, சவரக்கத்தி வழியாகவும் பரவுகிறது. பெரியவர்களுக்கு நாள்பட்டதாக நிலைப்பது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. பிறந்த குழந்தைக்கு வந்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு நிலைத்துவிடுகிறது. எனவே, இந்த வைரஸைச் சுமப்பவர்களில் பலர் அதைத் தொட்டிலிலேயே பெற்றவர்கள். அதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது அநியாயம். ஆனால், பெண் கேட்கும் வீட்டுக்கும் வேலை தரும் முதலாளிக்கும் தெரிந்துவிடுமோ என்று சீட்டை மடித்து வைப்பவர், சபையில் நீட்டப்படும் கிளாஸை மறுக்கக் காரணம் சொல்ல முடியாமல் வாங்கிக்கொள்கிறார்.

தலைமுறைக் கணக்கும் கவனத்துக்குரியது. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் நாடு முழுவதற்கும் விரிவானது 2011-ல்தான். அதே ஆண்டு டிசம்பரில், இந்தத் தடுப்பூசியையும் உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழகத்திலும் கேரளத்திலும் முதலில் தொடங்கியது. இன்று சட்டப்படி மது வாங்கும் வயதில் இருப்பவர்கள் அனைவரும் அதற்கு முன் பிறந்தவர்கள். மது விற்பனையின் வாடிக்கையாளர்களும், குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி கிடைக்காத பெரும் பகுதியினரும் ஒரே தலைமுறையினர். சுகாதார நிர்வாகம் தன் பெரியவர்களுக்கான திட்டத்தை வகுக்கும்போது இதைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ள வேண்டும்.

பொறுப்பு முதலில் சுகாதார நிர்வாகத்துடையது. வைரஸ் உறுதியான ஒவ்வொருவருக்கும் சீட்டோடு சேர்த்து ஒரு பக்கத் தமிழ்த் தாள் கொடுக்கப்பட வேண்டும். அதில் முதல் வரி, மதுவை முற்றிலும் நிறுத்துங்கள் என்று இருக்க வேண்டும். குறையுங்கள் என்று இருக்கக் கூடாது. திடீரென நிறுத்த முடியாதவர் எங்கே போக வேண்டும் என்பது இரண்டாவது வரியாக இருக்க வேண்டும். ரத்த வங்கியோ, கர்ப்பிணிகள் பிரிவோ, தனியார் பரிசோதனைக் கூடமோ, வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல் மையமோ, பாசிட்டிவ் என்று தாள் கொடுக்கும் எவரும் இந்தத் தாளையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்களாக வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. புதிய இயந்திரம் தேவையில்லை. ஒரு தாள் போதும்.

மருந்து வழங்கும் மையத்தில் குடி பற்றிய கேள்வி ஒவ்வொரு வருகையிலும் கேட்கப்பட்டுப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். மாத்திரை வாங்க வரும் அதே நாளில், அதே வளாகத்தில் மனநல மருத்துவரோ பயிற்சி பெற்ற ஆலோசகரோ அவரைப் பார்க்க வேண்டும். உடன் வரும் மனைவியும் பிள்ளைகளும் பரிசோதிக்கப்பட்டு, தொற்று இல்லையெனில் தடுப்பூசி போட்டு அனுப்பப்பட வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியருக்கும் இந்தப் பயிற்சி வேண்டும். வீட்டில் யார் குடிக்கிறார் என்பது மருத்துவரைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். கடிந்துகொள்ளாமல் சொல்லும் வழியும் அவருக்கே தெரியும்.

இரண்டாவது பொறுப்பு மதுவை ஒழுங்குபடுத்தி வருவாய் பெறும் அதிகாரத்துடையது. மது மாநிலங்களின் அதிகார வரம்பில் உள்ளது. மனிதர் அருந்தும் மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே வைக்கப்பட்டிருப்பதால் அதன் வரியும் மாநிலங்களுக்கே. மருத்துவத் தேவைக்கு அன்றி, உடல்நலனுக்குக் கேடான போதைப் பானங்களை விலக்க அரசு முயல வேண்டும் என்று அரசமைப்பின் 47-வது கூறு வழிகாட்டுகிறது. முழு மதுவிலக்கு சரியா, நடக்குமா என்ற விவாதம் தனியே நடக்கட்டும். அது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத கடமை ஒன்று உண்டு. விற்பவர், தான் விற்பது யாருக்கு உறுதியாகக் கேடு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

2019 முதல் மது பாட்டில்களில் கட்டாயமாக்கப்பட்ட எச்சரிக்கை, உடல்நலத்துக்குக் கேடு என்றும் குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர் என்றும் சொல்கிறது. கல்லீரல் என்ற சொல் அதில் இல்லை. மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ்) வைரஸ் உள்ளவர்கள் அருந்தக் கூடாது என்ற ஒரு வரியைப் பாட்டிலிலும், விற்பனைக் கவுன்டரிலும், பாரின் சுவரிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுவது அரிய காரியமல்ல. ஹெபடைடிஸ் பரிசோதனை எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்பதையும் அதே பலகையில் எழுதலாம். பரிசோதனை அதிகம் தேவைப்படுபவர்கள் தினமும் கூடும் இடம் அது.

மது வருவாயில் ஒரு நிலையான பங்கு, கல்லீரல் நோய்ச் சிகிச்சைக்கும் குடிநோய் மீட்புக்கும் ஒதுக்கப்பட வேண்டும். எஞ்சியதைக் கொடுப்பதாக அது இருக்கக் கூடாது. வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகவே இருக்க வேண்டும். கல்லீரல் மாற்று அறுவைக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகிறது. கொடையாகக் கிடைக்கும் கல்லீரல்கள் தேவைக்கு மிகக் குறைவு. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தாளும் ஓர் ஆலோசகரும் செய்திருக்கக்கூடிய வேலையை, கடைசியில் அறுவை அரங்கில் செய்ய முயல்கிறோம். பெரும்பாலோருக்கு அந்த அரங்குவரை போகவும் வழியில்லை.

குடிப்பது தனிமனித விருப்பம், அதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. விருப்பம் என்று சொல்ல, முன்னால் உள்ளதை அறிந்திருக்க வேண்டும். தன் ரத்தத்தில் உள்ள வைரஸ் என்ன செய்யும், அதோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லப்பட்ட பிறகு ஒருவர் எடுக்கும் முடிவை விருப்பம் என்று பேசலாம். சொல்லப்படாதவருக்கு அப்படி ஒரு முடிவெடுக்கும் வாய்ப்பே தரப்படவில்லை. குடிக்கு அடிமையாவது ஒரு நோய் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தனிமனிதர் மேல் முழுச் சுமையையும் ஏற்றும் வாதம் நிற்காது.

வைரல் ஹெபடைடிஸை 2030-க்குள் பொதுச் சுகாதார அச்சுறுத்தலாக இல்லாமல் ஆக்குவது என்ற உலக இலக்கை இந்தியா ஏற்றிருக்கிறது. காலம் குறைவு. எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேருக்கு மாத்திரை என்ற இரண்டு எண்களோடு ஆண்டறிக்கைகள் நிற்கக் கூடாது. பாசிட்டிவ் என உறுதியானவர்களில் எத்தனை பேரிடம் குடி பற்றிக் கேட்கப்பட்டது, எத்தனை பேருக்கு எழுத்தில் எச்சரிக்கை தரப்பட்டது, எத்தனை பேர் குடிநோய்ச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர், அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் மதுவின்றி இருக்கின்றனர் என்ற நான்கு எண்களும் மாவட்டவாரியாக வேண்டும். ஒவ்வொரு ஜூலை 28-ம் உலக ஹெபடைடிஸ் நாள். வரும் ஜூலை 28-க்குள் இந்த எண்களைச் சுகாதார நிர்வாகம் மக்கள் முன் வைக்க வேண்டும். மது வருவாயில் கல்லீரல் நோய்க்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதை வருவாய் பெறும் நிர்வாகம் அதே நாளில் அறிவிக்க வேண்டும்.